இரவில் நிறுத்தப்படும் காற்று: குடிநீர், கழிவுநீர் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும்,

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிகளுக்குள் காற்றை ஊதும் புளோயர்களை இரவு 11 மணியிலிருந்து விடிகாலை 4 மணிவரை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை நிரந்தரமாக்கிவிட்டீர்கள். கூடவே, சுத்திகரித்த தண்ணீர் ஆற்றில் விழும் வெளிவாய்க்குப் பக்கத்தில் மக்கள் பார்வைக்கு வைத்திருந்த, அந்தத் தண்ணீரின் தரத்தைக் காட்டும் தினசரி அளவுப் பலகையை எடுத்துவிட்டு, இனி மாதச் சராசரி மட்டும்தான் வெளியிடப்படும் என்று சுற்றறிக்கை விட்டிருக்கிறீர்கள். இந்த ஆண்டின் சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கையில் இரண்டுமே சாதனைப் பட்டியலில் இருக்கின்றன. முதலாவதை மின்சாரச் சிக்கனம் என்றும், இரண்டாவதை எளிமைப்படுத்தப்பட்ட தகவல் வெளியீடு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் இதே வாரியத்தின் ஆய்வகத்தில் 24 ஆண்டுகள் வேலை பார்த்தவன். மூன்று ஷிப்டும் பார்த்திருக்கிறேன். உள்ளே வரும் சாக்கடைத் தண்ணீரையும் வெளியே போகும் தண்ணீரையும் பிடித்துவந்து சோதித்து லாக்புக்கில் எழுதுவது என் வேலை. ஓய்வு பெற்றபின் ஆற்றோரமாகத்தான் குடியிருக்கிறேன். வெளிவாயிலிருந்து நடந்துபோகிற தூரம். என் வீட்டு அடுப்பு எரிந்ததும் பிள்ளைகள் படித்ததும் அந்த நிலையம் கொடுத்த சம்பளத்தில். அது நன்றாக ஓட வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறவனாகவே இதை எழுதுகிறேன்.

சில மாதங்களாக விடிகாலையில் ஆற்றோரம் நடக்கும்போது ஒரு காட்சியைப் பார்க்கிறேன். மீன்கள் கரையை ஒட்டி ஒதுங்கி, தலையைச் சாய்த்து, வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டித் திறந்து திறந்து மூடுகின்றன. கையை விட்டால்கூட விலகி ஓடுவதில்லை. மூச்சுக்குத் திணறும் மீன் அப்படித்தான் செய்யும். அங்கே வலை போடுகிற ஒருவர், "கையாலேயே அள்ளலாம் போலிருக்கு, ஆனா அள்ள மனசு வரலை" என்றார். வெயில் ஏறி எட்டு, ஒன்பது மணி ஆனால் மீன்கள் இறங்கிப்போய்விடும். பத்து மணிக்கு வந்து பார்க்கிறவருக்கு ஆறு வழக்கம்போலத்தான் தெரியும்.

கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துப் பேசக்கூடாது என்பது நான் உங்கள் ஆய்வகத்தில் கற்றுக்கொண்ட பாடம். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் என் மகளிடமிருந்து ரசாயனங்களை வாங்கிக்கொண்டேன். 300 மில்லிலிட்டர் சீசாக்கள் என்னிடமே இருந்தன. லாயோஷ் விங்க்ளர் என்ற ஹங்கேரிய வேதியியலாளர் 1888-இல் வகுத்த சோதனைதான், நாங்கள் எல்லோரும் முதலில் பழகியது. சீசாவில் ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீரை நிரப்ப வேண்டும். மாங்கனீஸ் சல்பேட் கரைசலைக் கொஞ்சம் விட வேண்டும், அப்புறம் காரம் கலந்த அயோடைடு. மூடியை இறுக்கித் தலைகீழாக நாலைந்து தடவை ஆட்டினால் உள்ளே பஞ்சு மாதிரி ஒரு படிவு உருவாகும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் அந்தப் படிவு பழுப்பாக இருக்கும். ஆக்சிஜன் இல்லையென்றால் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். மீட்டர் சரியா தப்பா என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

பதினொரு நாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு இரண்டு சீசா பிடித்தேன். ஒன்று வெளிவாய்க்கு மேலே, கழிவுநீர் கலக்காத இடத்தில். இன்னொன்று வெளிவாய்க்குக் கீழே, தண்ணீர் நன்றாகக் கலந்த இடத்தில். இரவெல்லாம் பாசி மூச்சு விடுவதால் எந்த ஆற்றிலும் விடியலில் ஆக்சிஜன் குறைவாகத்தான் இருக்கும். மேலே ஒரு சீசா பிடித்தது அதற்காகத்தான். மேல் சீசா பதினொரு நாளும் பழுப்பாக வந்தது. கீழ் சீசா ஒன்பது நாள் வெள்ளை. மீதி இரண்டு நாள் லேசான பழுப்பு. அந்த இரண்டுக்கும் முந்தைய இரவு நல்ல மழை. வெள்ளைச் சீசாவை முதல் நாள் கையில் பிடித்தபோது, நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பவும் ஒன்று பிடித்தேன். அதுவும் வெள்ளை. 24 ஆண்டுகளில் ஆற்றுத் தண்ணீரில் நான் வெள்ளை பார்த்ததே இல்லை.

இப்போது காற்றைப் பற்றி. உங்களில் பலர் நிதியிலிருந்தும் நிர்வாகத்திலிருந்தும் வந்தவர்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். காற்றூட்டும் தொட்டிக்குள் வேலை செய்வது நுண்ணுயிரிகள். சாக்கடையில் கரைந்திருக்கும் அழுக்கை அவை தின்கின்றன. தின்ன ஆக்சிஜன் வேண்டும். 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் இந்த முறையை உலகத்துக்குச் சொன்னார்கள். சீசாவில் சாக்கடைத் தண்ணீரை ஊற்றிக் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். முதல் தடவை அம்மோனியா முழுவதும் மாறுவதற்குச் சுமார் ஐந்து வாரம் ஆனது. அடியில் தங்கிய கசடைக் கொட்டிவிடாமல் வைத்துக்கொண்டு, மேலே தெளிந்ததை மட்டும் வடித்து, புதுச் சாக்கடை ஊற்றித் திரும்பத் திரும்ப ஊதினார்கள். கடைசியில் அதே வேலை ஒரு நாளைக்குள் முடிந்தது. ஐந்து வாரத்தை ஒரு நாளாக்கியது அந்தக் கசடில் சேர்ந்துகொண்ட உயிர்களின் கூட்டம். உங்கள் தொட்டியில் இருப்பதும் அதே கூட்டம்தான்.

அதில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிரிகள் மெதுவாகத்தான் பெருகும். தொலைத்துவிட்டால் திரும்பப் பெற வாரக்கணக்கில் ஆகும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற அவற்றுக்கு ஏறக்குறைய நாலரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். காற்றை நிறுத்தினால் முதலில் நின்றுபோவது இவற்றின் வேலை. மாறாத அம்மோனியா அப்படியே ஆற்றுக்குப் போகிறது. தண்ணீர் சூடாகவும் காரத்தன்மை கூடவும் இருந்தால் அந்த அம்மோனியாவில் மீனுக்கு விஷமாகும் பங்கு இன்னும் கூடும். ஆற்றுக்குள் போனபின் அங்கிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் அது நைட்ரேட்டாகும். நாம் தொட்டியில் கொடுக்காத ஆக்சிஜனை ஆற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். என் வெள்ளைச் சீசாவுக்குக் காரணம் இதுதான்.

உங்கள் பொறியாளர்கள் இரண்டு பதில் சொல்வார்கள். இரண்டையும் நான் மதிக்கிறேன். இரவில் சாக்கடை வரத்து குறைவு, அதனால் காற்றும் குறைவாகப் போதும் என்பது ஒன்று. சரிதான். குறைக்கலாம், நாங்களும் குறைத்திருக்கிறோம். தொட்டியில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமை ஒட்டி நிற்கிறதா என்று பார்த்து, இரண்டு புளோயரில் ஒன்றை நிறுத்துவோம். ஐந்து மணிநேரம் மொத்தமாக நிறுத்துவது வேறு. காற்றை விட்டுவிட்டுக் கொடுப்பது உலகம் முழுக்க நடக்கும் முறைதானே என்பது இரண்டாவது. அதுவும் உண்மை. நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுவதற்கு அப்படிச் செய்வதுண்டு. ஆனால் அங்கெல்லாம் நிறுத்தும் நேரம் குறைவு. அந்த நேரத்தில் கசடு படியாமல் சுற்றிவிடும் கலக்கி ஓடிக்கொண்டிருக்கும், அம்மோனியா மீட்டர் ஏறினால் காற்று தானாகத் திரும்பும். நம் நிலையத்தில் கலக்கியும் இல்லை, அந்த மீட்டரும் இல்லை. காற்று நின்றால் கசடு தரையில் போய்ப் படுத்துவிடும். தொட்டியின் அடியில் காற்றைக் குமிழிகளாக விடும் டிஃப்யூசர்களின் துளைகளில் அடைத்துக்கொள்ளும். விடிகாலை புளோயரைப் போட்டால் தொட்டியின் ஒரு மூலையில் கொப்பளிக்கும், இன்னொரு மூலை அசையாமல் கிடக்கும். அடைத்த டிஃப்யூசருக்குள் காற்றைத் தள்ள புளோயருக்குக் கூடுதல் மின்சாரம்தான் ஆகும்.

கசடு அடியில் தங்கித் தண்ணீர் தெளியும் படிவுத் தொட்டியையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். காற்றில்லாமல் கிடந்த கசடு அங்கே வந்து சேர்ந்ததும் அடியிலிருந்து கறுப்புக் கட்டிகளாக மேலே மிதந்து வருகிறது. ஒவ்வொரு கட்டியையும் சின்னச் சின்னக் குமிழிகள் தூக்கிக்கொண்டு வருகின்றன. மேலே வந்து உடைந்து, விளிம்பைத் தாண்டி, வெளிவாய்க்குப் போய்விடுகிறது. நாம் வளர்த்துவைத்த உயிர்க்கூட்டத்தையே ஆற்றில் கொட்டுகிறோம்.

மின்சாரத்தைக் குறைத்தால் கரியமில வாயு குறையும் என்று அறிக்கையில் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. ஆக்சிஜன் போதாமல் அம்மோனியா அரைகுறையாக மாறும்போது நைட்ரஸ் ஆக்சைடு கூடுதலாக உருவாகக்கூடும். நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்கிறது ஐ.நா.வின் பருவநிலைக் குழுவின் ஆறாவது மதிப்பீட்டறிக்கை. காற்றில்லாத கசடிலிருந்து வரும் மீத்தேனும் சாதாரணமானதில்லை, சுமார் 28 மடங்கு. இவற்றை அளக்காமல், மின்கட்டண ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு பருவநிலைக்கு நல்லது செய்துவிட்டோம் என்று எழுத முடியாது.

அடுத்தது சாம்பிள். ஆய்வகம் காலை பத்து மணிக்கு ஒரு பாட்டில் பிடிக்கிறது. இரவு 11 முதல் 4 வரை காற்று நின்றால், அந்தத் தண்ணீர் படிவுத் தொட்டியைக் கடந்து வெளிவாயை எட்டுவது விடிகாலையில்தான். பத்து மணிக்கு நிலையம் ஓரளவு தேறியிருக்கும். அந்த ஒற்றைப் பாட்டில் நல்ல எண்ணைத் தரும். அப்படிப்பட்ட முப்பது எண்களைக் கூட்டி முப்பதால் வகுத்தால் மாதச் சராசரி இன்னும் நன்றாகவே இருக்கும். மீன் சராசரியில் வாழ்வதில்லையே ஐயா. ஒரு மணிநேரம் ஆக்சிஜன் இல்லாமல் போனால் அதோடு முடிந்தது.

சாம்பிள் எடுக்கிறவர்கள்மேல் குற்றம் சொல்லவில்லை. பத்து மணி என்று உத்தரவு இருந்தால் அவர்கள் பத்து மணிக்குத்தான் எடுப்பார்கள். ஆனால் இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் சதர்ன் வாட்டர் நிறுவனத்தில், சாம்பிள் எடுக்க வேண்டிய நேரத்தில் வெளிவாயில் நீரோட்டமே இல்லாதபடி செய்து சோதனையைத் தவிர்த்தது தெரியவந்தது. 2019-இல் ஒழுங்குமுறை அமைப்பு 12.6 கோடி பவுண்டுக்கு நடவடிக்கை எடுத்தது. அதில் பெரும்பகுதி வாடிக்கையாளர்களின் கட்டணத்தில் கழிக்கப்பட வேண்டியதாயிற்று. சுத்திகரிக்காத கழிவைக் கடலோர நீர்நிலைகளில் விட்டதற்காக 2021-இல் நீதிமன்றம் தனியாக 9 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. நம் வாரியம் அந்த நிலைக்குப் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. உண்மையைக் காட்டாத நேரத்தில் சோதித்துவிட்டு அதைச் சராசரியும் ஆக்குவது அதே திசையில் ஓர் அடி என்றுதான் சொல்கிறேன்.

இத்தனைக்கும், மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் மாற்றுக் கருத்தில்லை. இந்த மாதிரி நிலையங்களில் செலவாகும் மின்சாரத்தில் பாதியோ அதற்கு மேலேயோ காற்றூட்டலுக்கே போகிறது. அதைக் குறைக்க நல்ல வழிகள் இருக்கின்றன. நம் தொட்டிகளில் இன்னும் பெரிய குமிழி டிஃப்யூசர்கள்தான் கிடக்கின்றன. நுண்குமிழி டிஃப்யூசர் போட்டால் அதே ஆக்சிஜனைக் கணிசமாகக் குறைந்த மின்சாரத்தில் கொடுக்கலாம். கசடைச் செரிக்கவைக்கும் டைஜஸ்டரிலிருந்து வரும் மீத்தேன் பல ஆண்டுகளாகத் திறந்த சுடரில் எரிந்து வீணாகிறது. ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் கழிவுநீர் நிலையம் அந்த வாயுவிலேயே மின்சாரம் எடுத்து 2005 முதல் தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் மார்செலிஸ்போர்க் நிலையம் தான் செலவழிப்பதைவிட அதிக மின்சாரம் தயாரிக்கிறது. இரண்டு இடத்திலும் தண்ணீரைச் சுத்தம் செய்வதை நிறுத்தி மிச்சம் பிடிக்கவில்லை.

அதைவிடப் பெரிய மிச்சம் குடிநீர்ப் பக்கம் இருக்கிறது. ஆற்றிலிருந்து இறைத்து, வடிகட்டி, குளோரின் போட்டு, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றிய தண்ணீர் வழியில் கசிந்து மண்ணுக்குள் போனால், அதற்குச் செலவழித்த மின்சாரமும் சேர்ந்து மண்ணுக்குள் போகிறது. கம்போடியாவின் நோம் பென் நகரில் 1993-இல் உற்பத்தியான குடிநீரில் 72 சதவீதம் கசிவிலும் திருட்டிலும் கணக்கில்லாமல் போனது. ஏக் சொன் சான் என்ற அதிகாரி பொறுப்பேற்று, குழாய்களை மாற்றி, மீட்டர் பொருத்தி, வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்க்காமல் எல்லோரிடமும் கட்டணம் வசூலித்து, பதினைந்து இருபது ஆண்டுகளில் அதை ஒற்றை இலக்கச் சதவீதத்துக்குக் கொண்டுவந்தார். உள்நாட்டுப் போரிலிருந்து அப்போதுதான் மீண்ட நாடு அது.

கசிவைக் கண்டுபிடிக்க நல்ல நேரம் எது என்று உங்கள் குழாய்ப் பிரிவைக் கேளுங்கள். இரவு 2 முதல் 4 மணி என்பார்கள். ஊர் முழுக்கத் தூங்கும் நேரத்தில் ஒரு பகுதிக்குள் போகும் பெரிய குழாயில் ஓட்டம் இருந்தால் அதில் பெரும்பங்கு கசிவுதான். நீங்கள் புளோயரை நிறுத்திவைத்திருக்கும் அதே நேரத்தில்தான் தண்ணீரும் மின்சாரமும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த இரவு ஓட்டத்தைப் பகுதிவாரியாக அளந்த எந்தப் பட்டியலும் உங்கள் அறிக்கையில் இல்லை.

ஊழியர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காற்றில்லாமல் அழுகும் கசடிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வருகிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்துக் குழிக்குள் இறங்குகிறவர் திரும்பி வரமாட்டார். இரவு ஷிப்டில் வால்வுக் குழிக்குள் இறங்கும் தம்பி ஒருவரிடம் வாயு அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்று இருக்கிறதாம், பேட்டரி இல்லையாம். உங்கள் அறிக்கையின் அட்டையில் மரக்கன்று நடும் படம் இருக்கிறது. மரம் நட்டது நல்ல காரியம். அந்தக் கருவிக்குப் பேட்டரி போடுவது அதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய காரியம்.

நான் கேட்பவை இவை.

இரவுநேரக் காற்று நிறுத்தத்தை உடனே ரத்து செய்யுங்கள். காற்றைக் குறைப்பதானால் தொட்டியின் ஆக்சிஜன் அளவையும் அம்மோனியா அளவையும் பார்த்துக் குறையுங்கள். அதற்கான மீட்டர்களை இந்த நிதியாண்டிலேயே பொருத்துங்கள். அடைத்த டிஃப்யூசர்களை மாற்றும்போது நுண்குமிழி வகையைப் போடுங்கள்.

காலை பத்து மணிப் பாட்டிலுக்குப் பதிலாக 24 மணிநேரமும் சிறிது சிறிதாகச் சேர்க்கும் கூட்டுச் சாம்பிள் எடுங்கள். விடிகாலை 4 முதல் 8 வரை மணிக்கொருமுறை அம்மோனியாவையும் ஆக்சிஜனையும் தனியாகச் சோதியுங்கள். எடுத்த பலகையைத் திரும்ப வையுங்கள். சராசரியோடு நிறுத்தாமல் ஒவ்வொரு நாளின் மோசமான எண்ணையும், சாக்கடையைச் சுத்திகரிக்காமல் நேரே ஆற்றுக்கு விடும் பைபாஸ் ஷட்டர் திறந்த நாள், திறந்த நேரம், மூடிய நேரத்தையும் அதில் எழுதுங்கள்.

பகுதிவாரியான இரவு ஓட்ட அளவுகளை ஆறு மாதத்துக்குள் வெளியிடுங்கள். டைஜஸ்டர் வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்குக் காலக்கெடு சொல்லுங்கள். வாயு அளக்கும் கருவி வேலை செய்யாத ஷிப்டில் யாரையும் குழிக்குள் இறக்கக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். இதற்குத் திட்டமும் வேண்டாம், ஒப்பந்தப்புள்ளியும் வேண்டாம், இன்றைக்கே செய்யலாம்.

சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கையின் மின்சிக்கனப் பக்கத்தைத் திரும்பப் பெற்று, நைட்ரஸ் ஆக்சைடு, மீத்தேன் கணக்கோடும் வெளிவாய் அளவுகளோடும் திருத்தி வெளியிடுங்கள்.

கடைசியாக, அடுத்த வாரியக் கூட்டத்துக்கு முன் ஏதாவது ஒரு நாள் விடிகாலை ஐந்து மணிக்கு வெளிவாய்க்கு வாருங்கள். நீங்களே வரவேண்டும், அனுப்பிவைக்க வேண்டாம். முந்தைய இரவு புளோயர் வழக்கம்போல நின்றிருக்கட்டும், மழை இல்லாத நாளாக இருக்கட்டும். சீசாக்களையும் ரசாயனங்களையும் நான் கொண்டுவருகிறேன். மேலே ஒன்று, கீழே ஒன்று, உங்கள் கையாலேயே நிரப்பி ஆட்டிப் பாருங்கள். எந்த நாள் என்பதை முப்பது நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆய்வகத்தில் 24 ஆண்டுகள் வேலை பார்த்தவன்